செமி ரக்கட் லேப்டாப்: பழையது போதுமா, புதியது வேண்டுமா?

இன்று கடையில் எந்த லேப்டாப்பைக் கேட்டாலும், "இது ராணுவத் தரத்தில் சோதித்தது சார்" என்று சொல்லித்தான் காட்டுகிறார்கள். இன்னொரு பக்கம், செகண்ட் ஹேண்ட் கடைகளில் தடித்த, கைப்பிடி வைத்த, நான்கு மூலையிலும் ரப்பர் போட்ட பழைய லேப்டாப்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. பெரிய நிறுவனங்களின் களப் பணியாளர்கள் பயன்படுத்திவிட்டுக் கழித்தவை இவை. பார்த்தாலே முரட்டுத்தனமாக இருக்கும். இவற்றைத்தான் செமி ரக்கட் லேப்டாப்கள் என்கிறார்கள்.

பழைய முரட்டு லேப்டாப் வாங்கினால் பணம் மிச்சமாகுமா? அல்லது புதிய மாடல்களில் கூடுதல் பணம் கொடுக்கும் அளவுக்கு ஏதாவது இருக்கிறதா? பெட்டி எவ்வளவு தடிமன் என்பதைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. எந்த ஆண்டு மாடல், உள்ளே எந்தத் தலைமுறை பிராசசர் என்பதுதான் முக்கியம். ஏன் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

மூன்று வகைகள்

லேப்டாப்களை உறுதியைப் பொறுத்து மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, நாம் வீட்டிலும் அலுவலகத்திலும் பயன்படுத்தும் சாதாரண லேப்டாப். மேஜையில் வைத்து வேலை செய்வதற்காகச் செய்யப்பட்டது.

இரண்டாவது, செமி ரக்கட். வண்டியிலும், பட்டறையிலும், வயல் ஓரத்திலும் பயன்படுத்தலாம். தூசி, சாரல், சுமார் மூன்றடி உயரத்திலிருந்து விழுதல் ஆகியவற்றைத் தாங்கும். ஆனால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் தாங்காது.

மூன்றாவது, ஃபுல் ரக்கட். ராணுவம், தீயணைப்புத் துறை, எண்ணெய்க் கிணறு போன்ற இடங்களுக்கானது. தூசி உள்ளே போகவே போகாது. தண்ணீர்ப் பீய்ச்சலையும் தாங்கும். எடையும் அதிகம், விலையும் மிக அதிகம். வீட்டு உபயோகத்துக்கு இது தேவையில்லை.

நம் ஊரில் இது எதற்கு?

என் ஊர் கும்பகோணம். இப்போது நான் சென்னையில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறேன். என் சித்தப்பா திருவிடைமருதூர் பக்கம் நெல் அறுவடை மிஷின் வாடகைக்கு விடுகிறார். ஒரு எடைமேடையும் வைத்திருக்கிறார். எந்த வயலில் எத்தனை மணி நேரம் மிஷின் ஓடியது, யார் எவ்வளவு பாக்கி, எந்த லாரியில் எவ்வளவு எடை என்ற எல்லாக் கணக்கும் லேப்டாப்பில்தான். அவர் வைத்திருந்த சாதாரண லேப்டாப் ஒன்று இரண்டு சம்பா அறுவடைக்குள் படுத்துவிட்டது. திறந்து பார்த்தபோது விசிறிக்கும் வெப்பம் கடத்தும் தகடுகளுக்கும் நடுவே நெல் சுணை கம்பளி போலப் படிந்திருந்தது. காற்று போக வழியில்லை.

அடுத்து எதை வாங்கலாம் என்று என்னிடம் கேட்டபோது அவர் சொன்னது இது: "தம்பி, விலை கூடக் குறைய இருந்தாலும் பரவாயில்லை. சீசன் நடுவுல நின்னு போச்சுன்னா, கூலிக் கணக்கு கேக்குற ஆளுங்களுக்கு நான் என்னப்பா பதில் சொல்றது?" அவருக்காகப் பல மாடல்களைத் தேடிப் படித்தேன். சிலவற்றை நேரில் திறந்தும் பார்த்தேன். அதன் சாரம்தான் இந்தக் கட்டுரை.

டெல்டாவில் லேப்டாப்புக்கு ஐந்து எதிரிகள் உண்டு.

1. சுணையும் உமித் தூசியும். உமியில் சிலிக்கா அதிகம் என்பதால் இது மென்மையான வீட்டுத் தூசி போன்றதல்ல, அரிக்கும் தூசி.

2. ஈரம். குறுவை அறுவடையின் கடைசிப் பகுதி வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தோடு மோதும். கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு 17 சதவீத ஈரப்பதம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். லேப்டாப்புக்கும் இப்படி ஒரு வரம்பு உண்டு. ஆனால் அதை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

3. அதிர்வு. டிராக்டரிலும், பைக் பெட்டியிலும், வரப்பு ஓரத்து மண் சாலையிலும் போகும்போது ஏற்படும் குலுக்கல்.

4. வெயில். தை மாதக் காலையில்கூட வெட்டவெளியில் சாதாரணத் திரையில் எழுத்து தெரியாது.

5. மின்வெட்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்த பிறகு டெல்டாவின் பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் பேட்டரிதான் எல்லாம்.

இந்த ஐந்தையும் மனதில் வைத்துக்கொண்டு பழைய மாடல்களையும் புதிய மாடல்களையும் ஒப்பிடுவோம். அதற்கு முன், பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் இரண்டு குறியீடுகளைப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஐ.பி. எண் என்ன சொல்கிறது?

ஐ.பி.52, ஐ.பி.53, ஐ.பி.65 என்றெல்லாம் பார்த்திருப்பீர்கள். இது சர்வதேசத் தர அளவீடு. முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது இலக்கம் தண்ணீருக்கு.

முதல் இலக்கம் 5 என்றால், கொஞ்சம் தூசி உள்ளே போகலாம், ஆனால் வேலையைக் கெடுக்காது என்று பொருள். 6 என்றால் தூசி உள்ளே போகவே போகாது.

இரண்டாவது இலக்கம் 2 என்றால், கருவியை 15 டிகிரி சாய்த்து வைத்து மேலிருந்து சொட்டும் தண்ணீரைத் தாங்கும். 3 என்றால், நேர் மேலிருந்து 60 டிகிரி வரை சாய்வாக வரும் சாரலையும் தாங்கும். 5 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சி அடிக்கும் நீரைத் தாங்கும்.

இதை நம் ஊர் மழையில் வைத்துப் பாருங்கள். ஓட்டுக் கூரையிலிருந்து சொட்டும் நீரை ஐ.பி.52 சமாளிக்கும். காற்றோடு சாய்ந்து அடிக்கும் சாரலுக்கு ஐ.பி.53 வேண்டும். வாய்க்காலில் விழுந்தால் இரண்டுமே தாங்காது.

இன்னொரு விஷயம். இந்தத் தூசிச் சோதனையை டால்கம் பவுடர் போன்ற நுண்ணிய தூளை வைத்துச் செய்கிறார்கள். நெல் சுணை அப்படிப்பட்டதல்ல. ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு விசிறியில் சுற்றிக்கொள்ளும். அதனால் எண்ணை மட்டும் நம்பி விசிறியைச் சுத்தம் செய்யாமல் விட்டுவிடக் கூடாது.

ராணுவத் தரம் என்றால்?

மில்-எஸ்.டி.டி-810 என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிடும் சோதனை முறைகளின் தொகுப்பு. முதன்முதலில் 1962இல் வந்தது. ஜி பதிப்பு 2008இலும், எச் பதிப்பு 2019இலும் வெளியாயின. இது தேர்ச்சிச் சான்றிதழ் அல்ல. எந்தெந்தச் சோதனைகளைச் செய்வது, எவ்வளவு கடுமையாகச் செய்வது என்பதை லேப்டாப் நிறுவனமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அதிர்வு, ஈரப்பதம் ஆகிய இரண்டை மட்டும் சோதித்துவிட்டும் "ராணுவத் தரம்" என்று விளம்பரம் செய்ய முடியும்.

கீழே விழும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டிக்கு ஆறு பக்கம், எட்டு மூலை, பன்னிரண்டு விளிம்பு. ஆக மொத்தம் 26 முறை போட வேண்டும். ஆனால் ஒரே லேப்டாப்தான் 26 முறையும் விழ வேண்டும் என்பதில்லை. ஐந்து லேப்டாப்கள் வரை பங்கிட்டுக்கொள்ளலாம் என்று அந்தத் தொகுப்பே அனுமதிக்கிறது.

எனவே விளம்பரத்தில் "ராணுவத் தரம்" என்று பார்த்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை அடி உயரத்திலிருந்து போட்டார்கள்? ஐ.பி. எண் உண்டா? போர்ட்டுகளுக்கு மூடி உண்டா? மெலிதான சாதாரண லேப்டாப்கள் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது கேள்விகளிலேயே நின்றுவிடும்.

வந்த வழி

பானசோனிக் நிறுவனம் தன் டஃப்புக் வரிசையை 1996இல் சி.எஃப்-25 என்ற மாடலோடு தொடங்கியது. செமி ரக்கட் பிரிவில் 2008இல் சி.எஃப்-52, 2011இல் சி.எஃப்-53, 2015இல் சி.எஃப்-54, 2019இல் டஃப்புக் 55 என்று மாடல்கள் வந்தன.

டெல் நிறுவனம் தன் சாதாரண அலுவலக லேப்டாப்பான லாட்டிடியூடுக்கே உறுதியான மூடியும் கூடுதல் பாதுகாப்பும் கொடுத்து ஏ.டி.ஜி. என்ற பெயரில் விற்றது. 2007இல் வந்த டி620 ஏ.டி.ஜி. இதன் தொடக்கம். 2014இல் இந்த முறையை விட்டுவிட்டு, தனியாகவே வடிவமைத்த லாட்டிடியூட் 14 ரக்கட் (5404) மாடலைக் கொண்டுவந்தது. பிறகு 5414, 5420, 5424, 5430 என்று வரிசை நீண்டது. தைவானின் கெட்டாக், டியூராபுக் ஆகியவையும் இதே பிரிவில் உண்டு. ஏசர் 2020இல் எண்டியூரோ என்ற வரிசையைத் தொடங்கியது.

செகண்ட் ஹேண்டில் தேடும்போது உங்கள் கண்ணில் அதிகம் படப்போவது பானசோனிக்கும் டெல்லும்தான். எனவே இவற்றையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

என்ன மாறியிருக்கிறது?

1. ஹார்டு டிஸ்க்

பழைய செமி ரக்கட் லேப்டாப்பின் முரட்டு உடம்புக்கு முக்கியக் காரணமே ஹார்டு டிஸ்க்தான். சுழலும் தட்டுக்கு மேலே படிக்கும் முனை மிதக்கும் இடைவெளி, ஒரு தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு அடி பட்டால் முனை தட்டில் உரசும். டேட்டா போய்விடும். அதனால்தான் டஃப்புக்கில் ஹார்டு டிஸ்க்கை அதிர்வு தாங்கும் மெத்தை போன்ற உறைக்குள் வைத்தார்கள்.

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. எனவே அதிர்வு என்ற எதிரியின் பலம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. இன்றைய சாதாரண லேப்டாப்கூட குலுக்கலைப் பொறுத்தவரை 2008ஆம் ஆண்டின் சாதாரண லேப்டாப்பைவிடப் பத்திரமானது. பழைய மாடலை வாங்கினாலும் முதல் வேலையாக எஸ்.எஸ்.டி. போட்டுவிடுங்கள். சி.எஃப்-53 போன்ற மாடல்களில் டிஸ்க் ஒரு தனி டப்பாவில் இருக்கும். வெளியே இழுத்து மாற்றுவது எளிது.

2. உடம்பும் எடையும்

இரு தலைமுறைகளிலும் மக்னீசியக் கலவை உலோகம் பயன்படுகிறது. கும்பகோணத்துக்காரர்களுக்கு உலோகத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் ஒரு ஒப்பீடு. நாச்சியார்கோயில் குத்துவிளக்கு செய்யும் பித்தளை, ஒரு கன சென்டிமீட்டருக்கு எட்டு கிராமுக்கு மேல் எடை இருக்கும். அலுமினியம் 2.7 கிராம். மக்னீசியம் 1.74 கிராம்தான். எடை குறைவாகவும் விறைப்பாகவும் இருப்பதால்தான் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் மேல் பூச்சு உரிந்த இடத்தில் ஈரமும் உப்பும் பட்டால் அரிக்கும். வாங்கும்போது பூச்சு உரிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எடையில் நல்ல முன்னேற்றம். சி.எஃப்-52 மூன்று கிலோவுக்கு மேல். சி.எஃப்-53 இரண்டரை கிலோவுக்குச் சற்று மேல். டஃப்புக் 55 ஏறக்குறைய 2.1 கிலோ. டெல்லில் 5404 ஏறக்குறைய 2.9 கிலோ. 5430 இரண்டு கிலோவுக்குள் தொடங்குகிறது.

எடை குறைந்ததால் உறுதி குறைந்துவிடவில்லை. சி.எஃப்-53க்குச் சொல்லப்பட்ட உயரம் 30 அங்குலம். டஃப்புக் 55க்கு 36 அங்குலம், அதாவது மூன்றடி.

3. தூசியும் தண்ணீரும்

சி.எஃப்-53 காலத்தில் "தண்ணீர் சிந்தினால் தாங்கும் கீபோர்டு" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். டஃப்புக் 55 ஐ.பி.53. டெல் 5404 ஐ.பி.52, 5430 ஐ.பி.53. சொட்டும் நீரிலிருந்து சாய்வான சாரலுக்கு வந்திருக்கிறார்கள். எண்ணில் ஒன்றுதான் வித்தியாசம். ஐப்பசி மழையில் திறந்த கொட்டகையில் உட்கார்ந்து கணக்கு எழுதுபவருக்கு அது பெரிய வித்தியாசம்.

4. திரை

வெயிலில் படிக்க முடிகிறதா என்பதை நிட் என்ற அளவால் சொல்வார்கள். சாதாரண லேப்டாப் 250 முதல் 300 நிட் வரை இருக்கும். டஃப்புக் 55இல் 1000 நிட் திரையும், டெல் 5430இல் 1100 நிட் திரையும் கிடைக்கின்றன. ஆனால் ஒரே மாடலிலேயே மங்கலான திரையும் உண்டு, பிரகாசமான திரையும் உண்டு. வாங்கும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இன்னும் நல்ல வழி, கடைக்கு வெளியே வெயிலில் எடுத்துச் சென்று பார்ப்பது.

திரையின் துல்லியமும் மாறியிருக்கிறது. சி.எஃப்-53இல் 1366 x 768. புதியவற்றில் 1920 x 1080. பெரிய எக்செல் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் உடனே தெரியும்.

5. போர்ட்டுகள்

இந்த ஒரு விஷயத்தில் பழையவற்றுக்குத்தான் மதிப்பு. எடைமேடைக் கருவி, பழைய பில் மிஷின் போன்றவை ஒன்பது முனை சீரியல் போர்ட் வழியாகத்தான் கம்ப்யூட்டரோடு பேசும். பழைய செமி ரக்கட் லேப்டாப்களில் இந்த போர்ட் பரவலாக இருந்தது. புதியவற்றில் இதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இல்லையென்றால் யு.எஸ்.பி.யிலிருந்து சீரியலுக்கு மாற்றும் கேபிள் போட வேண்டும். நல்ல சிப் வைத்த கேபிளாகப் பார்த்து வாங்குங்கள். விலை மலிந்த கேபிள்களில் சில, விண்டோஸ் அப்டேட் ஆனவுடன் டிரைவர் சிக்கலில் நின்றுவிடும்.

6. பேட்டரியும் மாற்றும் வசதியும்

டஃப்புக் 55இல் பேட்டரி, ரேம், எஸ்.எஸ்.டி., கீபோர்டு ஆகியவற்றை நாமே கழற்றி மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது பேட்டரியும் செருகலாம். ஒரு பேட்டரியில் 20 மணி நேரம், இரண்டு போட்டால் 40 மணி நேரம் என்பது நிறுவனம் சொல்லும் கணக்கு. திரையை முழு வெளிச்சத்தில் வைத்தால் இவ்வளவு வராது. அதில் பாதி கிடைத்தாலும் மின்வெட்டு நாட்களில் அது பெரிய உதவி.

பழையவற்றிலும் பேட்டரியைக் கழற்றலாம். ஆனால் பத்து வருடம் ஆன பேட்டரி ஓடாது. புதிதாகக் கிடைப்பதில் பல நகல் பேட்டரிகள். பேட்டரி விலையையும் சேர்த்துத்தான் பழைய லேப்டாப்பின் விலையைக் கணக்கிட வேண்டும்.

2019 என்ற கோடு

இதுவரை படித்தவர்களுக்கு, "எஸ்.எஸ்.டி.யும் புது பேட்டரியும் போட்டுவிட்டால் பழைய சி.எஃப்-53 போதுமே" என்று தோன்றலாம். உடம்பைப் பொறுத்தவரை உண்மைதான். சிக்கல் சாஃப்ட்வேரில் இருக்கிறது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. வீட்டு உபயோகிப்பாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் என்று ஒரு நீட்டிப்பை அறிவித்தது. அதற்கு மேல் போக விண்டோஸ் 11 வேண்டும். அதற்கு, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல் 8ஆம் தலைமுறை பிராசசரோ அதற்குப் பிந்தையதோ தேவை. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் தேவை.

இப்போது மாடல்களை இந்தக் கோட்டுக்கு இரு பக்கமும் வைத்துப் பாருங்கள்.

கோட்டுக்கு அந்தப் பக்கம்: சி.எஃப்-53இல் 2 முதல் 4ஆம் தலைமுறை வரை. சி.எஃப்-54இல் 5 முதல் 7ஆம் தலைமுறை வரை. டெல் 5404இல் 4, 5414இல் 6ஆம் தலைமுறை. எதுவுமே விண்டோஸ் 11க்கு முறைப்படி தகுதி பெறாது.

கோட்டுக்கு இந்தப் பக்கம்: டஃப்புக் 55 முதல் பதிப்பிலேயே 8ஆம் தலைமுறை. டெல் 5430இல் 11ஆம் தலைமுறை. நடுவில் உள்ள டெல் 5420, 5424 மாடல்களில் கவனம் தேவை. 8ஆம் தலைமுறையோடும் வந்தன, அதே பெயரில் அதற்கு முந்தைய பிராசசரோடும் வந்தன. மாடல் எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

ஆக, ஏறக்குறைய 2019தான் எல்லைக் கோடு. விண்டோஸையே நம்பி, பேங்க் வேலையும் ஜி.எஸ்.டி. வேலையும் செய்பவர்கள், கோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ளதை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம் என்று சொல்லும் கடைகளும் உண்டு. அப்படிப் போட்ட லேப்டாப்புக்குத் தொடர்ந்து அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை.

லினக்ஸ் பழகியவர்களுக்கு இந்தக் கோடு பொருந்தாது. தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011இல் தொடங்கியது. அந்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதைப் பயன்படுத்திப் பழகியிருந்தால், சி.எஃப்-53இல் எஸ்.எஸ்.டி.யும் 8 ஜிபி ரேமும் போட்டு லினக்ஸ் மின்ட் நிறுவிக்கொள்ளலாம். எடைமேடைக் கணக்குக்கும் இன்டர்நெட் பார்ப்பதற்கும் அது தாராளம். உங்கள் எடைமேடை சாஃப்ட்வேர் லினக்ஸில் ஓடுமா என்பதை மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

செகண்ட் ஹேண்டில் என்னென்ன பார்க்க வேண்டும்?

1. ஆன் செய்தவுடன் பயாஸ் செட்டப்புக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் வாங்காதீர்கள். நிறுவனங்கள் போட்ட பூட்டு அது. எடுப்பது எளிதல்ல.

2. ஒவ்வொரு போர்ட் மூடியையும் திறந்து மூடிப் பாருங்கள். ஒரு மூடி இல்லாவிட்டாலும் பெட்டியில் அச்சடித்த ஐ.பி. எண்ணுக்கு அர்த்தமில்லை. மூடியின் உள்ளே உள்ள ரப்பர் வெடித்திருந்தாலும் அப்படியே.

3. அடிப்பக்கத்தில் எல்லா ஸ்க்ரூவும் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். யாராவது திறந்து சரியாக மூடாமல் விட்டிருந்தால் தூசித் தடுப்பு போய்விட்டது என்று பொருள்.

4. மைக்ரோசாஃப்டின் பி.சி. ஹெல்த் செக் புரோகிராமை ஓட்டுங்கள். விண்டோஸ் 11க்குத் தகுதி உண்டா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும்.

5. விண்டோஸில் பேட்டரி அறிக்கை எடுக்கும் வசதி உண்டு. அதில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவது எண் முதலாவதில் பாதிகூட இல்லையென்றால் புது பேட்டரி விலையைக் கழித்துக் கேளுங்கள்.

6. சார்ஜரைப் பாருங்கள். டெல் சார்ஜர் 19.5 வோல்ட், எங்கும் கிடைக்கும். டஃப்புக் சார்ஜர் 15.6 வோல்ட். பக்கத்துக் கடையில் உடனே கிடைக்காது. ஒரிஜினல் சார்ஜரோடு சேர்த்துத்தான் வாங்க வேண்டும்.

7. கீபோர்டில் எல்லா விசைகளையும் தட்டிப் பாருங்கள். டச் ஸ்கிரீன் என்றால் நான்கு மூலைகளையும் தொட்டுப் பாருங்கள்.

யாருக்கு எது?

வீட்டில் மேஜை மேல் வைத்து வேலை செய்பவருக்கு செமி ரக்கட் தேவையே இல்லை. அந்தப் பணத்தில் நல்ல சாதாரண லேப்டாப் வாங்குங்கள். கூடுதல் ரேம் போடுங்கள்.

தினமும் வெளியே எடுத்துச் செல்பவர், ஆனால் தூசியிலும் மழையிலும் திறக்காதவர் என்றால், மில்-எஸ்.டி.டி. சோதனை செய்யப்பட்ட புதிய அலுவலக லேப்டாப் போதும்.

களத்துமேடு, அரிசி ஆலை, செங்கல் சூளை, மணல் பறக்கும் கட்டுமான இடம் போன்றவற்றில் திறந்து வேலை செய்பவருக்கு செமி ரக்கட்தான் சரி. புதியது லட்சம் ரூபாயைத் தாண்டும். அவ்வளவு முடியாதவர்களுக்கு, 8ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ உள்ள, மூடிகள் முழுமையாக இருக்கிற செகண்ட் ஹேண்ட் மாடல் நல்ல நடுவழி. என் சித்தப்பாவுக்கு நான் தேர்ந்தெடுத்ததும் இதுதான். 8ஆம் தலைமுறை பிராசசர், புது பேட்டரி, எடைமேடைக்கு ஒரு சீரியல் கேபிள். ஒரு சம்பா சீசன் முழுக்க ஓடியிருக்கிறது. ஒரு குறையும் உண்டு. இதற்கான உதிரி பாகம் கும்பகோணத்தில் கிடைப்பதில்லை. வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும். அதனால் பழைய சாதாரண டெஸ்க்டாப் ஒன்றையும் அதே சாஃப்ட்வேரோடு தயாராக வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

வாங்கிய பிறகு

மாதம் ஒருமுறை விசிறித் துவாரத்தைச் சுத்தம் செய்யுங்கள். அறுவடைக் காலத்தில் வாரம் ஒருமுறை. ப்ளோயரை வைத்து ஊதும்போது லேப்டாப்பை ஆஃப் செய்துவிடுங்கள். காற்றின் வேகத்தில் விசிறி கண்டபடி சுற்றாதபடி ஒரு மெல்லிய குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பயன்படுத்தாத போர்ட்டின் மூடியைத் திறந்து வைக்காதீர்கள். நனைந்த லேப்டாப்பை அப்படியே பைக்குள் மூடி வைக்காதீர்கள். உள்ளே தூசி போகாமல் காக்கும் அதே ரப்பர், உள்ளே போன ஈரத்தை வெளியே விடாமலும் வைத்துக்கொள்ளும்.

தண்ணீர் உள்ளே போய்விட்டால் உடனே ஆஃப் செய்து, பேட்டரியைக் கழற்றி, கவிழ்த்து வைத்து, காற்றோட்டத்தில் உலர விடுங்கள். நெல் விளையும் ஊரிலிருந்து இதைச் சொல்வது வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் அரிசிப் பானைக்குள் மட்டும் வைக்காதீர்கள். அரிசித் தூளும் மாவும் உள்ளே போய் நிலைமையை மோசமாக்கும். ஐபோன் நனைந்தால் அரிசியில் வைக்க வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2024இல் அறிவுரை வெளியிட்டது. லேப்டாப்புக்கும் இது பொருந்தும்.

கடைசியாக ஒன்று. ரப்பரும் மக்னீசியமும் பெட்டியைத்தான் காக்கும். உள்ளே இருக்கும் கணக்கைக் காக்காது. மூன்றடி உயரத்திலிருந்து விழுந்தும் பிழைக்கும் லேப்டாப், டீக்கடை வாசலில் திருடு போனால் போனதுதான். எஸ்.எஸ்.டி.யும் ஒருநாள் முன்னறிவிப்பு இல்லாமல் நிற்கும். ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி வீட்டில் வையுங்கள். தினமும் இரவு அன்றைய கணக்கை அதில் காப்பி செய்யுங்கள். பெயரிலேயே தேதியைப் போட்டுச் சேமித்தால், எது புதிது, எது பழையது என்ற குழப்பம் வராது. இதற்கு ஐந்து நிமிடம் கூட ஆகாது.